கடைவாய்ப் பல்லுக்குக் கிரவுன்: யாங்கோனில் என் அனுபவம்

லபெத் தோக் என்ற பர்மியத் தேயிலைச் சாலட்டில் கலக்கும் பொரித்த மொச்சை ஒன்று என் கீழ்க் கடைவாய்ப் பல்லைப் பிளந்துவிட்டது. அது ஏற்கெனவே வேர் சிகிச்சை செய்த பல். பல்லை முழுதாக மூடும் உறையான கிரவுன் போட்டால்தான் தாங்கும் என்றார் யாங்கோனின் தம்வே பகுதியில் நான் பார்க்கும் பல் மருத்துவர்.

மரத்துப்போக ஊசி போட்டு, பல்லைச் சுற்றிலும் அராவி, அச்சு எடுத்தார். வலி இல்லை; வாயைத் திறந்தபடி கிடந்ததில் தாடைதான் நொந்தது. கிரவுன் தயாராகும்வரை தற்காலிக உறை ஒன்று. அதை ஒட்டும் பசை எளிதில் விட்டுவிடும். பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவான தின்ஜான் நேரம் வேறு! பக்கத்து வீட்டு அக்கா வெல்லம் பொதிந்த மொன்லோன்யேபோ உருண்டைகளை நீட்டினார். ஒட்டுகிற மாவு உறையைப் பிடுங்கிவிடும் என்று மறுத்தேன், மீன் குழம்பில் அரிசி நூடுல்ஸ் போட்ட மொஹிங்காதான் கைகொடுத்தது. பல்லிடுக்கு நூலையும் மேலே இழுக்காமல் பக்கவாட்டில் உருவினேன்.

நிரந்தரக் கிரவுன் சிர்கோனியா என்ற உறுதியான வெண்ணிறச் செராமிக்கால் ஆனது. உலோகத்தின்மேல் பீங்கான் பூசியதும் உண்டு. அதில் பீங்கான் சில்லுப் பெயரக்கூடும், ஈறோரம் கருங்கோடும் தெரியலாம். "பின்பல்லை யார் பார்க்கப் போகிறார்கள்?" என்றார் மனைவி. நியாயம்தான்.

ஒட்டிய பிறகு, வாயை மூடினால் அந்தப் பல் மட்டும் முதலில் இடித்தது. பழகிவிடும் என்றார்கள் வீட்டில். எனக்கு நம்பிக்கையில்லை, திரும்பப் போனேன். மைத்தாளைக் கடிக்கச் சொல்லி, அழுத்தமாகப் பதிந்த இடத்தை மட்டும் தேய்த்தார் மருத்துவர். இடிப்பு நின்றது. கிரவுன் சொத்தையாகாது, அடியில் இருக்கும் பல் சொத்தையாகும் என்று சொல்லி, ஈறோரம் துலக்கும் விதத்தைக் கண்ணாடியில் காட்டித் தந்தார்.