படகு இன்ஜின்: வெப்பநிலை முள் மேலே ஏறாவிட்டால்

அரைமணி நேரம் ஓடியும் வெப்பநிலை மீட்டரின் முள் அடியிலேயே கிடந்தால், ‘சூடாகவில்லை, நல்லதுதான்’ என்று விட்டுவிடாதீர்கள். இன்ஜின் உண்மையிலேயே குளிர்ந்து ஓடலாம், மீட்டர் பொய் சொல்லலாம். இரண்டையும் விட மோசமானது, கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) வற்றி சென்சார் காற்றில் நிற்பது. அப்போது இன்ஜின் கொதித்தாலும் முள் கீழேதான் காட்டும். ஆகவே முதலில் எக்ஸாஸ்ட் வழியே தண்ணீர் வழக்கம்போல் வருகிறதா என்று பாருங்கள். இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு கூலன்ட் மூடியைத் திறந்து அதன் அளவையும் பாருங்கள்.

அடுத்து, சுமையோடு 20 நிமிடம் ஓட்டிவிட்டு இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடாகும்வரை குளிர்நீர் ஓட்டத்தைத் தடுக்கும் வால்வு) இருக்கும் கூட்டின்மேல் அளக்க வேண்டும். பளபளக்கும் உலோகத்தில் அது குறைத்துக் காட்டும். கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி, அதன்மேல் அளந்தால் நம்பலாம். கடல்நீர் நேரடியாகச் சுற்றும் இன்ஜினில் 60 டிகிரி செல்சியஸை ஒட்டி இருந்தால் அது இயல்பு. அதிகச் சூட்டில் உள்ளே உப்பு படியும் என்பதால் தெர்மோஸ்டாட்டே அப்படித்தான் பொருத்தப்படுகிறது. கூலன்ட் சுற்றும் இன்ஜின்கள் பெரும்பாலும் 70 முதல் 85 வரை இருக்கும்.

சூடு சரியாக இருந்து முள் மட்டும் ஏறவில்லை என்றால் கோளாறு மின்சாரப் பக்கம். சென்சார் சூடாக ஆக அதன் மின்தடை குறையும்: ஆறியிருக்கும்போது பல நூறு ஓம், சூட்டில் சில பத்து ஓம். வயர் அறுந்தாலோ முனை களிம்பேறினாலோ முள் அடியில் படுத்துவிடும்.

இக்னிஷனை ஆன் செய்து, இன்ஜினை ஓட்டாமல், சென்சார் வயரைக் கழற்றி பிளாக்கின் சுத்தமான உலோகத்தில் ஒரு நொடி தொடுங்கள். (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டு இன்ஜினிலும் டிஜிட்டல் மீட்டரிலும் இதைச் செய்யக் கூடாது.) முள் உச்சிக்குப் பாய்ந்தால் மீட்டரும் வயரும் நலம்; சென்சாரையோ அதன் எர்த்தையோ பார்க்க வேண்டும். சென்சாரின் மரையில் டெஃப்லான் டேப்பைத் தாராளமாகச் சுற்றி எர்த்தையே துண்டித்துவிடுவது அடிக்கடி நடக்கிற தவறு. இரண்டு இடத்தில் மீட்டர் உள்ள படகில் ஒற்றை மீட்டருக்கான சென்சாரைப் போட்டாலும் இரண்டுமே குறைத்துக் காட்டும்.

முள் அசையவில்லையா? மீட்டரின் பின்னால் இக்னிஷன் டெர்மினலில் 12 வோல்ட் வருகிறதா, எர்த் இருக்கிறதா என்று மல்டிமீட்டரால் பாருங்கள். இரண்டும் இருந்தால் சென்சார் டெர்மினலை அங்கேயே எர்த்தோடு இணைத்துப் பாருங்கள். அப்போது முள் ஏறினால் இடையில் உள்ள வயர், ஏறாவிட்டால் மீட்டர்.

இன்ஜினே குளிர்ந்திருந்தால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றுங்கள். முன்பு யாரோ அதை எடுத்துவிட்டு வெறுமனே மூடியிருக்கவும் கூடும். அப்படியே ஓட்டினால் எரியாத எரிபொருள் ஆயிலில் கலக்கும், டீசலில் வெள்ளைப் புகை நிற்காது. கழற்றிய தெர்மோஸ்டாட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். வால்வு இடுக்கில் வெளிச்சம் தெரிந்தால் சிப்பித் துண்டோ மணலோ சிக்கியிருக்கும், அல்லது ஸ்பிரிங் போயிருக்கும். தெரியாவிட்டால், வால்வு இடுக்கில் நூலை நுழைத்துக் கவ்வவிட்டு, பாத்திரத்தின் அடியைத் தொடாமல் நீரில் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். அது நூலிலிருந்து நழுவி விழும்போது நீரின் சூடுதான் அது திறக்கும் அளவு. பொறித்த எண்ணுக்கு வெகு முன்பே விழுந்தால் மாற்றிவிடுங்கள்.

அவுட்போர்டில் (படகின் பின்புறம் வெளியே மாட்டும் இன்ஜின்) வேகத்தில் முள் இறங்கி, ஐடிலுக்கு (வேகம் கொடுக்காத நிலை) வந்தும் ஏறாவிட்டால், நீரழுத்த வால்வில் மணல் சிக்கியிருக்கிறதா என்றும் பாருங்கள்; அதிக வேகத்தில் அது திறந்து குளிர்நீரை விடுவது இயல்புதான், ஆனால் வேகம் குறைத்த பிறகும் முள் ஏறாமல் கிடக்கக் கூடாது.