தகவல் ஆணையம் இழுத்தடித்தால்: ரிட்டுக்கு முன் கையில் இருக்க வேண்டியவை

உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் (அரசு அமைப்பு தன் கடமையைச் செய்ய உத்தரவிடக் கேட்கும் மனு) போடும் வக்கீலிடம் நான் குமாஸ்தா. தகவல் உரிமைச் சட்ட வழக்கு என்று வருகிறவர்கள் பெரும்பாலும் ஆத்திரத்தைத்தான் முதலில் கொட்டுவார்கள். எங்களுக்கு வேண்டியது தேதி.

கண்மாயில் வண்டல் அள்ளக் கொடுத்த அனுமதி ஆணையின் நகலைக் கேட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பத்து ரூபாய் கட்டண வில்லை ஒட்டிய மனு பொதுத் தகவல் அலுவலர் கைக்குப் போன நாளிலிருந்து 30 நாள் கணக்கு. நீங்கள் தபாலில் போட்ட நாள் கணக்கில் வராது. ஆகவே தபால் ரசீதோடு, போய்ச் சேர்ந்த விவரத்தையும் அப்போதே அச்செடுத்து வையுங்கள். பதிலே வராவிட்டால் 7(2) பிரிவின்படி அதுவே மறுப்பு. அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு போட்டுவிடுங்கள். அதை மேல்முறையீட்டு அலுவலர் 30 நாளில் முடிக்க வேண்டும். காரணம் எழுதி வைத்தால் 45 நாள் வரை போகலாம். அதற்கப்புறம் ஆணையத்துக்கு இரண்டாவது மேல்முறையீடு போக உங்களுக்கு 90 நாள் இருக்கிறது.

இதில் ஒரு கண்ணி உண்டு. கெடு முடியும் தறுவாயில் 'நகல் கட்டணம் செலுத்தவும்' என்று கடிதம் வரும். அது அனுப்பிய நாளிலிருந்து நீங்கள் பணம் கட்டும் நாள்வரை 30 நாளில் சேராது. உடனே கட்டிவிடுங்கள். அதே கடிதம் கெடு தாண்டி வந்தால் 7(6)படி நகல் இலவசம். எது முந்தி என்று தபால் முத்திரைதான் சொல்லும், உறையைக் கிழித்துப் போடாதீர்கள்.

ஆணையத்துக்கு 18ஆவது பிரிவில் புகார் மட்டும் அனுப்பிவிட்டு வருகிறவர்கள் ஏராளம். புகாரில் அலுவலருக்கு அபராதம் விழலாம், நாளுக்கு 250 ரூபாய், உச்சம் 25,000. நகல் கிடைக்காது. மணிப்பூர் வழக்கில் 2011இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. நகல் வேண்டுமென்றால் 19(3) பிரிவில் போடும் அந்த இரண்டாவது மேல்முறையீடுதான்.

ஆணையம் எத்தனை நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. எல்லா இழுபறிக்கும் வேர் அந்த ஓட்டைதான். கல்கத்தா உயர் நீதிமன்றம் 2010இல் 45 நாளுக்குள் முடிக்கச் சொன்னது. நம் நீதிமன்றத்தை அது கட்டுப்படுத்தாது, ஆனாலும் வக்கீல் எடுத்துக்காட்டலாம். முன்சீப் கோர்ட் பக்கம் போகாதீர்கள், 23ஆவது பிரிவு அந்தக் கதவை அடைத்துவிட்டது. அரசியல் சாசனத்தின் 226இன் கீழ் ரிட் மட்டும் திறந்திருக்கிறது.

ரிட்டுக்கு முன் ஆணையத்துக்கு ஒரு நினைவூட்டல் அனுப்பி ரசீதை வாங்கி வையுங்கள். 'நீ கேட்டாயா?' என்பதுதான் எதிர்த்தரப்பின் முதல் கேள்வி. மனுவில் 'நகலைக் கொடு' என்று கேட்டால், ஆணையத்திடமே போ என்று திருப்பிவிட வாய்ப்பு அதிகம். 'என் மேல்முறையீட்டை இத்தனை வாரத்துக்குள் விசாரித்து முடிக்க உத்தரவிடுங்கள்' என்று கேளுங்கள். தமிழ்க் கடிதங்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு வைக்க வேண்டியிருக்கும், அதற்கும் கொஞ்சம் பணம் ஒதுக்குங்கள்.

'கோப்பைக் காணவில்லை' என்று பதில் வந்தால் சோர வேண்டாம். தேடிப் பார்த்து, தொலைந்ததற்குப் பொறுப்பாளி யார் என்று விசாரிக்க வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2013இல் சொல்லியிருக்கிறது.

உத்தரவு கிடைத்ததும் சான்றிட்ட நகலை ஆணையத்துக்கு அனுப்புங்கள். கொடுத்த வாரம் தாண்டினால் நீதிமன்ற அவமதிப்பு மனு போடலாம், அதற்கு ஒரு வருடம்தான் கெடு.