வேலை முடிஞ்சதும் ஒரு வரி எழுதிடுங்க

வேலை முடிஞ்சு கிளம்புறதுக்கு முன்னாடியே அன்னிக்கு சிரிப்பு வந்த ஒரு விஷயத்தை போன்ல ஒரே வரியில டைப் பண்ணி வெச்சுக்கோங்க, யார் என்ன சொன்னாங்களோ அவங்க வார்த்தையிலயே. ராத்திரி எழுதிக்கலாம்னு விட்டா போச்சு, ஏன்னா மறதி ஆரம்பத்துலதான் ரொம்ப வேகம், ஞாபக சக்தியை ஆராய்ச்சி பண்ணின ஜெர்மன்காரர் எபிங்ஹாஸ் 1885லயே இதை சோதிச்சு எழுதிட்டார், அதனால சின்னதா சிரிச்சது சட்டுனு போயிடும். பாடம் என்னன்னு அப்பவே தேட வேணாம், மாசக் கடைசில மொத்தமா படிச்சா யார் கூட இருந்தப்ப வேலை பாரமா தெரியலை, எங்க தேவையில்லாம டென்ஷன் ஆனோம்னு தானா புரியும்.

ஆனா சம்பள பாக்கி, அவமானம், வேலைல பட்ட அடி இதையெல்லாம் சிரிப்பாக்கி விட்டுடாதீங்க, பாக்கியைக் கேட்டு வாங்கணும், மத்ததுக்கு நியாயம் கேக்கணும்.