கைப்பேசியைக் கொண்டே வீட்டு வைஃபையைப் பாதுகாக்கும் முறை

ஃபைபர் இணைப்புக் கொடுக்க வரும் ஊழியர் வேலையெல்லாம் முடித்துவிட்டுக் கடைசியாகக் கேட்பது, "பாஸ்வேர்டு என்ன சார் வைக்கட்டும்?" என்பதுதான். பெரும்பாலான வீடுகளில் அதற்குக் கிடைக்கும் பதில் வீட்டில் யாராவது ஒருவருடைய கைப்பேசி எண். ஊழியர் அந்தப் பத்து இலக்கங்களைத் தட்டிவிட்டுப் போய்விடுகிறார். அதன்பின் ஆண்டுக்கணக்கில் யாரும் அதைத் தொடுவதில்லை. வீட்டு வைஃபையைப் பாதுகாக்க நினைப்பவர் முதலில் மாற்ற வேண்டியது இந்தப் பழக்கத்தைத்தான்.

காரணம் எளிய கணக்கு. இந்தியக் கைப்பேசி எண்கள் 6, 7, 8, 9 ஆகியவற்றில் ஒன்றில்தான் தொடங்கும் என்பதால், இருக்கக்கூடிய மொத்த எண்கள் 400 கோடி. இன்று பெரும்பாலான வீடுகளில் இயங்கும் டபிள்யூபிஏ2 (WPA2) என்ற வைஃபை பாதுகாப்பு முறையில், ஒரு கருவி ரவுட்டருடன் இணையும்போது இரண்டும் பரிமாறிக்கொள்ளும் தகவலை, வீட்டுக்கு வெளியே தெருவில் நின்றபடியே ஒருவர் பதிவுசெய்துகொள்ள முடியும். பிறகு அவர் உங்கள் வீட்டுப் பக்கமே வராமல், தன் கணினியில் ஒவ்வொரு எண்ணாகப் பொருத்திப் பார்க்கலாம். திறன்மிக்க கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று வினாடிக்குப் பத்து லட்சம் கடவுச்சொற்களைச் சோதித்துவிடும் என்பதால், 400 கோடி எண்களையும் முடிக்க அதற்கு 4,000 வினாடிகள், அதாவது ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான நேரம் போதும். உங்கள் எண்ணை ஏற்கெனவே அறிந்திருக்கும் பக்கத்து வீட்டாருக்கோ பால்காரருக்கோ அந்த ஒரு மணி நேரமும் தேவையில்லை.

டேட்டா கொஞ்சம் வீணாகும், அவ்வளவுதானே என்று இதை ஒதுக்கிவிடக் கூடாது. 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத் தொடர் குண்டுவெடிப்புக்குச் சில நிமிடங்கள் முன்பு ஊடகங்களுக்கு வந்த மின்னஞ்சல், நவி மும்பையில் குடியிருந்த ஒருவரின் பாதுகாப்பற்ற வைஃபை வழியாக அனுப்பப்பட்டிருந்தது. அவருக்கும் அந்தச் செயலுக்கும் தொடர்பில்லாதபோதும், இணைப்பு அவர் பெயரில் இருந்ததால் விசாரணை முதலில் அவர் வீட்டைத்தான் வந்தடைந்தது.

ரவுட்டருக்குள் நுழைவது

இனிச் சொல்லப்போகும் எல்லாவற்றையும் கணினி இல்லாமல், கையில் இருக்கும் கைப்பேசியிலேயே செய்துவிடலாம். வழிகள் இரண்டு. இணையச் சேவை நிறுவனத்தின் ஆப் அல்லது ரவுட்டர் தயாரிப்பாளரின் ஆப், உதாரணமாக டிபி-லிங்க் ரவுட்டர்களுக்கான டெதர், ஒரு வழி. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தை உலாவியில் நேரடியாகத் திறப்பது இன்னொன்று. வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் மாற்ற ஆப் வசதியானது என்றாலும், முக்கியமான சில அமைப்புகள் பல ஆப்களில் இருப்பதே இல்லை என்பதால், இரண்டாவது வழியை ஒருமுறையாவது பழகிக்கொள்ளச் சொல்வேன்.

அதற்கு ரவுட்டரின் முகவரி வேண்டும். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் செட்டிங்ஸில் வைஃபை பகுதிக்குச் சென்று, இணைந்திருக்கும் இணைப்பின் பெயருக்கு அருகிலுள்ள பற்சக்கரக் குறியைத் தொட்டால் விவரங்கள் விரியும். அவற்றில் 'கேட்வே' என்ற வரியில் இருப்பதே அந்த முகவரி. ஐஃபோனில் அதே இடத்திலுள்ள வட்டத்துக்குள் இருக்கும் 'ஐ' குறியைத் தொட்டால், 'ரவுட்டர்' என்ற வரியில் அது தெரியும். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று இருக்கும். ஜியோஃபைபர் வீடுகளில் 192.168.29.1. இந்த எண்ணை உலாவியின் முகவரிப் பட்டியில், அதாவது தேடல் பெட்டியில் அல்லாமல் மேலேயுள்ள பட்டியில், அப்படியே தட்டச்சு செய்ய வேண்டும்.

இங்கே பலர் தடுமாறி, ரவுட்டர் பழுது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். பக்கம் திறக்கவில்லையென்றால் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு மறுபடி முயலுங்கள். விபிஎன் ஓடிக்கொண்டிருந்தால் அதையும் நிறுத்துங்கள். "உங்கள் இணைப்பு பாதுகாப்பானதல்ல" என்று உலாவி எச்சரித்தால், முகவரியில் இருப்பது நீங்கள் கேட்வே வரியில் பார்த்த அதே எண்தானா என்று சரிபார்த்துக்கொண்டு மேலே செல்லலாம். வங்கித் தளத்தில் இதே எச்சரிக்கை வந்தால் அந்த நொடியே வெளியேறிவிட வேண்டும். ஆனால் வீட்டு ரவுட்டர் தன் சான்றிதழைத் தானே உருவாக்கிக்கொள்வதால் இங்கே அது இயல்பானது. எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிப் பக்கம் கலைந்து தெரிந்தால், உலாவியின் மூன்று புள்ளி மெனுவில் 'டெஸ்க்டாப் சைட்' என்பதைத் தேர்வு செய்துகொள்ளுங்கள்.

முதலில் மாற்ற வேண்டிய கடவுச்சொல்

ரவுட்டருக்குக் கடவுச்சொற்கள் இரண்டு. ஒன்று வைஃபையில் இணைவதற்கானது. மற்றொன்று இந்த அமைப்புப் பக்கத்துக்குள் நுழைவதற்கானது. முதலாவது கைக்குக் கிடைத்தவர் உங்கள் இணைப்பைப் பயன்படுத்தலாம். இரண்டாவது கிடைத்தவரோ இணைப்பின் போக்கையே மாற்றியமைக்கலாம். இவ்வளவு முக்கியமான இரண்டாவது கடவுச்சொல், எத்தனையோ வீடுகளில் ரவுட்டர் பெட்டியிலிருந்து எடுக்கப்பட்ட நாளில் இருந்தபடியே, பயனர் பெயரும் 'அட்மின்' கடவுச்சொல்லும் 'அட்மின்' என்று இன்றும் இருக்கிறது.

2018-ல், பெரும்பாலும் பிரேசில் நாட்டில், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ரவுட்டர்கள் இந்த வழியில்தான் கைப்பற்றப்பட்டன. எளிதில் ஊகிக்கக்கூடிய நிர்வாகக் கடவுச்சொற்களைப் பயன்படுத்தி உள்ளே நுழைந்தவர்கள், டிஎன்எஸ் என்ற ஒரே ஓர் அமைப்பை மட்டும் மாற்றினார்கள். நாம் தட்டச்சு செய்யும் தளப் பெயருக்குரிய எண் முகவரியைத் தேடித் தருவது டிஎன்எஸ். அது மோசடிக்காரர்கள் கைக்குப் போய்விட்டால், வங்கியின் சரியான முகவரியைத் தட்டினாலும் திறப்பது போலிப் பக்கமாக இருக்கலாம். கைப்பேசியில் வைரஸ் இருக்காது, தவறான இணைப்பு எதையும் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்; ஆனாலும் பணம் போகும்.

ஆகவே உள்ளே நுழைந்ததும் 'அட்மினிஸ்ட்ரேஷன்', 'மெயின்டனன்ஸ்', 'சிஸ்டம்' போன்ற பெயர்களில் ஒன்றில் இருக்கும் பகுதியைத் தேடி, நிர்வாகக் கடவுச்சொல்லை முதலில் மாற்றுங்கள். வைஃபைக்கு வைக்கப்போகும் கடவுச்சொல்லையே இதற்கும் வைக்கக் கூடாது. சேவை நிறுவனம் கொடுத்த ரவுட்டராக இருந்து பழைய கடவுச்சொல் தெரியாவிட்டால், கருவியின் அடிப்பக்க ஒட்டுத்தாளைப் பாருங்கள். அங்கேயும் இல்லையென்றால் வாடிக்கையாளர் சேவையைக் கேட்டுப் பெறலாம், அதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. இந்தப் பகுதியை விட்டு வெளியே வரும் முன், 'வேன்' (WAN) அல்லது 'டிஹெச்சிபி' (DHCP) பக்கத்தில் டிஎன்எஸ் எதிரே இருக்கும் எண்களையும் பாருங்கள். 8.8.8.8 கூகுளுக்கும், 1.1.1.1 கிளவுட்ஃபிளேருக்கும் உரியவை. ரவுட்டரின் சொந்த முகவரியோ சேவை நிறுவனத்தின் முகவரியோ இருப்பதும் இயல்பே. இவற்றில் எதுவுமில்லாத அந்நிய எண் இருந்தால், சேவை நிறுவனத்தை அழைத்து அது அவர்களுடையதுதானா என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

வைஃபை கடவுச்சொல்

வைஃபை கடவுச்சொல் 8 முதல் 63 எழுத்துகள் வரை இருக்கலாம். வலிமை தருவது நீளம்தான். 'ஏ' எழுத்துக்குப் பதிலாக '@' போடுவது போன்ற தந்திரங்களை ஊகிக்கும் மென்பொருள்கள் எப்போதோ கற்றுக்கொண்டுவிட்டன. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்துகளில் எழுதி, இடையில் ஓர் எண்ணைச் செருகினால் இருபது எழுத்துகளைத் தாண்டிவிடும்; வீட்டில் எல்லோருக்கும் நினைவிலும் நிற்கும். முறம், தண்டவாளம், கொலுசு, பனி என்று கோப்பதை ஓர் எடுத்துக்காட்டாகச் சொல்லலாம்; இதையே வைத்துவிடாமல் உங்கள் வீட்டுக்கென்று வேறு சொற்களைத் தேர்ந்தெடுங்கள். பாட்டின் முதல் வரி, பழமொழி, குலதெய்வத்தின் பெயர், பிள்ளைகளின் பெயரும் பிறந்த ஆண்டும் ஆகியவை வேண்டாம். ழகரம், நெடில் போன்றவற்றை ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுவோம் என்பதால், ஒரே விதமாக மட்டுமே எழுத வாய்ப்புள்ள சொற்களாகத் தேர்ந்தெடுத்தால், ஊரிலிருந்து வரும் பெரியம்மாவுக்கு ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியிராது.

அதே பக்கத்தில் பாதுகாப்பு முறை என்ன என்பதும் தெரியும். டபிள்யூஇபி என்று இருந்தால் அது 2001-லேயே உடைக்கப்பட்ட முறை. கடவுச்சொல் எவ்வளவு நீளமானாலும் பயனில்லை. 2004-ல் வந்த டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் குறியாக்கத்துடன் இருந்தால் நல்ல கடவுச்சொல்லோடு சேர்ந்து இன்றும் தாங்கும். 2018-ல் அறிமுகமான டபிள்யூபிஏ3 வசதி உங்கள் ரவுட்டரில் இருந்தால் அதுவே சிறந்தது. ஏனென்றால், மேலே சொன்னதுபோல் தகவலைப் பதிவுசெய்து எடுத்துப்போய் வீட்டில் உட்கார்ந்து ஊகிக்கும் வேலை அதில் நடக்காது. பழைய டிவியோ பிரிண்டரோ இணைய மறுத்தால் இரண்டையும் அனுமதிக்கும் கலப்பு முறையைத் தேர்ந்தெடுக்கலாம்.

2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகளுக்கும் தனித்தனிப் பக்கம் வைத்திருக்கும் ரவுட்டர்கள் ஏராளம். ஒன்றில் கடவுச்சொல்லை மாற்றிவிட்டு வெளியே வந்துவிட்டால், மற்றொன்றில் பழைய கைப்பேசி எண் அப்படியே உயிரோடு இருக்கும். இரண்டிலும் மாற்றிச் சேமியுங்கள். சேமித்த நொடியில் உங்கள் கைப்பேசி உட்பட எல்லாக் கருவிகளும் துண்டிக்கப்படும். புதிய கடவுச்சொல்லைக் கொடுத்து ஒவ்வொன்றாக இணைக்க வேண்டியிருக்கும் என்பதால், வீட்டில் யாரும் அலுவலக அழைப்பிலோ ஆன்லைன் வகுப்பிலோ இல்லாத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள்.

அணைத்து வைக்க வேண்டியவை

டபிள்யூபிஎஸ் என்ற வசதியை அணைத்துவிடுங்கள். கடவுச்சொல் இல்லாமல் எட்டு இலக்க எண் ஒன்றைக் கொண்டு கருவிகளை இணைப்பதற்காக வந்தது அது. அந்த எண்ணை ரவுட்டர் இரண்டு பாதிகளாகப் பிரித்துச் சரிபார்ப்பதாலும், கடைசி இலக்கம் மற்றவற்றிலிருந்து கணக்கிடப்படுவதாலும், கோடிக்கணக்கில் முயல வேண்டிய இடத்தில் அதிகபட்சம் 11,000 முயற்சிகள் போதும் என்பது 2011 டிசம்பரிலேயே வெளியாகிவிட்டது. நீங்கள் எத்தனை எழுத்தில் கடவுச்சொல் வைத்தாலும் இந்தப் பக்கவாசல் திறந்திருந்தால் வீண்தான். 'ரிமோட் மேனேஜ்மென்ட்' என்ற பெயரில், வெளியுலகிலிருந்து அமைப்புப் பக்கத்தைத் திறக்க அனுமதிக்கும் வசதி இருந்தால் அதையும் அணையுங்கள். வைஃபை பெயரை மறைத்துவைப்பதைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. மறைத்த பெயரையும் இலவச மென்பொருள்கள் எளிதில் கண்டுபிடித்துவிடும். உங்கள் வீட்டாருக்குத்தான் தொல்லை. பெயரில் கதவு எண்ணோ குடும்பப் பெயரோ இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

விருந்தினர்களுக்காகவே 'கெஸ்ட் நெட்வொர்க்' என்ற தனி இணைப்பு இருக்கிறது; அதைத் திறந்து, அதற்கு வேறு கடவுச்சொல் வையுங்கள். அதில் இணைபவர்களுக்கு இணையம் கிடைக்கும், உங்கள் கணினியும் மற்ற கருவிகளும் எட்டாது. மலிவு விலைக் கண்காணிப்புக் கேமராக்களையும் ஸ்மார்ட் பல்புகளையும்கூட இதிலேயே இணைத்துவிடுவது நல்லது. ஆண்ட்ராய்டு 10 முதல் க்யூஆர் குறியைக் காட்டி வைஃபையைப் பகிரும் வசதி இருக்கிறது. வசதியானதுதான், ஆனால் அந்தக் குறிக்குள் கடவுச்சொல் எந்த மறைப்பும் இல்லாமல் எழுத்தாகவே இருக்கிறது. அதைப் படமெடுத்தவர் யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம் என்பதால், முதன்மை இணைப்பின் குறியைக் காட்டாமல் விருந்தினர் இணைப்பின் குறியைக் காட்டுங்கள்.

இணைந்திருப்பவர்கள் யார்

அமைப்புப் பக்கத்திலோ ஆப்பிலோ 'கனெக்டட் டிவைசஸ்' என்ற பட்டியல் இருக்கும். கடவுச்சொல்லை மாற்றிய மறுநாள் அதைத் திறந்து, ஒவ்வொரு வரியும் எந்தக் கருவி என்று கண்டறியுங்கள். பெயரில்லாமல், கருவியின் அடையாளமாக எண்ணும் எழுத்தும் கலந்து அமையும் மேக் முகவரி மட்டும் தெரிந்தால் உடனே பதற வேண்டாம். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 காலத்திலிருந்து கைப்பேசிகள் தம் உண்மையான மேக் முகவரிக்குப் பதிலாக ஒரு மாற்று முகவரியைக் காட்டுகின்றன. முகவரியின் இரண்டாவது எழுத்து 2, 6, A, E ஆகியவற்றில் ஒன்றாக இருந்தால் அது அப்படிப்பட்டது என்று கொள்ளலாம். வீட்டிலுள்ள கைப்பேசி ஒவ்வொன்றிலும் வைஃபை விவரப் பக்கத்தைத் திறந்து ஒப்பிட்டால் பெரும்பாலான வரிகளுக்கு உரியவர் தெரிந்துவிடும். பிறகும் மிஞ்சும் கருவியைக் கண்டுபிடிக்க, வீட்டுக் கருவிகளை ஒவ்வொன்றாக அணைத்து, பட்டியலிலிருந்து எது மறைகிறது என்று பார்க்கலாம். இதற்கென்று ஆப் நிறுவுபவர்கள், தொடர்புகளையும் குறுஞ்செய்திகளையும் படிக்க அனுமதி கேட்கும் எந்த ஆப்பையும் உடனே நீக்கிவிட வேண்டும். இந்த வேலைக்கு அவை தேவையே இல்லை.

ரவுட்டரின் மென்பொருளைப் புதுப்பிப்பதும் இதே அமைப்புப் பக்கத்தில்தான். சேவை நிறுவனங்கள் சில இதைத் தாமாகவே செய்துவிடுகின்றன. நீங்களே வாங்கிய ரவுட்டர் என்றால் ஆப்பில் 'ஃபர்ம்வேர் அப்டேட்' என்பதைப் பார்த்துச் செய்ய வேண்டும். புதுப்பிப்பு நடக்கும்போது மின்சாரம் போனால் கருவியே செயலிழக்கலாம் என்பதால், ரவுட்டர் இன்வெர்ட்டர் இணைப்பில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு தொடங்குங்கள்.

இவ்வளவும் செய்தபின் இரண்டு கடவுச்சொற்களையும் ஒரு தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு பீரோவுக்குள் வையுங்கள். கைப்பேசி தொலைந்தாலும் அவை தொலையாது. இணைப்புப் பழுது என்று ஊழியர் வந்து ரவுட்டரை ரீசெட் செய்தாலோ, புதிய பெட்டி மாற்றினாலோ, இங்கே சொன்ன மாற்றங்கள் அனைத்தும் அழிந்து கருவி பழைய நிலைக்குப் போய்விடும். அவர் புறப்பட்ட பிறகு அன்றைக்கே ஒருமுறை அமைப்புப் பக்கத்தைத் திறந்து, நிர்வாகக் கடவுச்சொல்லில் தொடங்கி எல்லாவற்றையும் மறுபடி அமைத்துவிடுங்கள்.