என்.பி.ஏ. சாதனை எண்களை ஒப்பிடுவது எப்படி

ஒரே ஆட்டத்தில் வில்ட் சேம்பர்லின் எடுத்த 100 புள்ளி பெரிதா, கோபி பிரயன்ட் எடுத்த 81 பெரிதா என்று கேட்கும் முன், அந்த எண்கள் எந்த விதியின் கீழ் வந்தவை என்று பார்த்தாக வேண்டும். அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் பதிவேடு 1946-47 சீசனில் தொடங்குகிறது. ஆனால் அதிலுள்ள எல்லாக் கணக்குகளும் அன்றே தொடங்கிவிடவில்லை.

முதலில் சீசனைக் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்டீல் (எதிரணியிடமிருந்து பந்தைப் பறிப்பது), பிளாக் (எதிரணி எறியும் ஷாட்டைத் தடுப்பது) இரண்டும் 1973-74 முதல்தான் அதிகாரபூர்வக் கணக்கில் உண்டு. டர்ன்ஓவர் (பந்தை எதிரணியிடம் இழப்பது) 1977-78 முதல், மூன்று புள்ளி ஷாட் (கூடையிலிருந்து தொலைவில் உள்ள கோட்டுக்கு வெளியிலிருந்து எறிவது) 1979-80 முதல். பில் ரசல் 1969இல் ஓய்வு பெற்றுவிட்டதால் அவர் பெயருக்கு நேரே பிளாக் கட்டம் காலியாக இருக்கும். காலி என்றால் பூஜ்யம் அல்ல. எக்செல்லில் அந்த இடத்தை 0 என்று நிரப்பிச் சராசரி எடுத்தால், தடுப்பாட்டத்தில் ஈடு இணையற்ற ஒருவர் பட்டியலின் அடிக்குப் போய்விடுவார். எல்மோர் ஸ்மித் 1973இல் ஒரே ஆட்டத்தில் எடுத்த 17 பிளாக்கையும் ‘கணக்கு வைக்கத் தொடங்கிய பிறகு அதிகம்’ என்றே எழுத வேண்டும்.

அடுத்து, எந்த லீக்? ஜூலியஸ் எர்விங் 30,026 புள்ளி என்று ஓரிடத்திலும் 18,364 என்று வேறிடத்திலும் இருக்கும். இரண்டும் சரி. முன்னதில் ஏ.பி.ஏ. என்ற போட்டி லீக்கின் ஆட்டங்களும் சேர்ந்திருக்கின்றன. 1967இல் தொடங்கிய அந்த லீக் 1976இல் முடிவுக்கு வந்தபோது நெட்ஸ், நக்கெட்ஸ், பேசர்ஸ், ஸ்பர்ஸ் ஆகிய நான்கு அணிகள் என்.பி.ஏ.வுக்கு வந்தன; அந்த அணி வீரர்களின் பழைய எண்கள் வரவில்லை. பட்டங்களிலும் இதே சிக்கல்தான். லேக்கர்ஸின் 17 பட்டங்களில் ஐந்து மினியாபொலிஸ் நகரில் இருந்தபோது வென்றவை. அதே அணி 1948இல் என்.பி.எல். என்ற வேறொரு லீக்கில் வென்ற பட்டம் இதில் சேராது.

ஆட்ட எண்ணிக்கையைச் சரிபார்க்காமல் மொத்தங்களை ஒப்பிடவே கூடாது. 1967-68 முதல் சீசனுக்கு 82 ஆட்டம். ஆனால் 1998-99இல் 50, 2011-12இல் 66, 2020-21இல் 72. 2019-20இல் அணிக்கு அணி மாறும். அதிகப் புள்ளி எடுத்தவரைத் தேர்ந்தெடுக்கும் முறையும் மாறியிருக்கிறது. 1968-69 வரை மொத்தப் புள்ளி, அதன்பின் சராசரி. அதனால்தான் 1967-68இல் ஆஸ்கர் ராபர்ட்சனின் சராசரி 29.2 ஆக இருந்தும், 2,142 புள்ளி சேர்த்த டேவ் பிங் முதலிடம் பெற்றார். இப்போது சராசரிப் பட்டியலில் இடம்பெற 82 ஆட்டத்தில் 58 ஆடியிருக்க வேண்டும்.

இனி அந்த இரண்டு ஆட்டங்களுக்கு வருவோம். ஷாட் திறனுக்கு ஒரு சூத்திரம்: ஃப்ரீ த்ரோ (எதிரணி செய்த தவறுக்காகத் தடையின்றி எறியக் கிடைக்கும் வீச்சு) முயற்சிகளை 0.44ஆல் பெருக்கி, ஷாட் முயற்சிகளுடன் கூட்டி, இரண்டால் பெருக்குங்கள். அந்த விடையால் புள்ளியை வகுங்கள். 0.44 எதற்கு என்றால், எல்லா ஃப்ரீ த்ரோவும் இரண்டிரண்டாக வருவதில்லை. ஷாட் விழுந்த பிறகு கூடுதலாகக் கிடைக்கும் ஒற்றை வீச்சும் உண்டு.

சேம்பர்லின், 1962 மார்ச் 2: 63 ஷாட் முயற்சி, 32 ஃப்ரீ த்ரோ முயற்சி. 100-ஐ 154.16ஆல் வகுத்தால் 64.9 சதவீதம். கோபி, 2006 ஜனவரி 22: 46 ஷாட் முயற்சி, 20 ஃப்ரீ த்ரோ முயற்சி. 81-ஐ 109.6ஆல் வகுத்தால் 73.9 சதவீதம். அணியின் மொத்தத்தில் பங்கு பார்த்தால் சேம்பர்லினுக்கு 169இல் 100, அதாவது 59 சதவீதம். கோபிக்கு 122இல் 81, அதாவது 66. கோபியின் 81இல் ஏழு ஷாட்கள் மூன்று புள்ளி ஷாட்கள். சேம்பர்லின் காலத்தில் அந்தக் கோடே கிடையாது. 100 என்ற சாதனை இதனால் சிறுத்துவிடாது. ஆனால் ஷாட் திறனையும் அணியில் பங்கையும் கணக்கில் எடுத்தால் 81 அதற்குக் குறைந்ததல்ல என்பதே எங்கள் முடிவு.

மூன்று புள்ளிக் கோட்டிலும் ஒரு பொறி இருக்கிறது. 1994-95 முதல் 1996-97 வரை அது எல்லாப் பக்கமும் 22 அடிக்குக் கொண்டுவரப்பட்டது. மேல்வளைவில் வழக்கமான தூரம் 23 அடி 9 அங்குலம். அந்த மூன்று சீசன் சதவீதங்களைத் தனியே குறியிட்டு வையுங்கள்.

கூட்டுத்தொகை உதைத்தால் பிளே-இன் ஆட்டங்களை, அதாவது பட்டத்துக்கான பிளே-ஆஃப் சுற்றின் கடைசி இடங்களுக்காக நடப்பவற்றைப் பாருங்கள். அவை வழக்கமான சீசனிலும் சேராது, பிளே-ஆஃபிலும் சேராது. 2023இல் தொடங்கிய சீசன் நடுக் கோப்பையின் இறுதி ஆட்டமும் அப்படியே. அதன் மற்ற ஆட்டங்கள் மட்டும் 82இல் அடங்கும்.