குழந்தைத் தொழிலாளர் ஆய்வு: 'கூடமாட ஒத்தாசை'யை எண்ணில் பிடிப்பது எப்படி?

"உங்க பையன் வேலைக்குப் போறானா?" என்று கேட்டால் "ஐயோ, இல்லீங்க, ஆறாவது படிக்கிறான்" என்றுதான் அம்மா சொல்வார். அது பொய்யும் இல்லை. பள்ளி விட்டு வந்ததும் பீடிக்கு நூல் கட்டுவது, சனி ஞாயிறில் அப்பாவோடு கடையில் நிற்பது எல்லாம் அவர் கணக்கில் வேலையே அல்ல. "சும்மா கூடமாட ஒத்தாசை". வீடுவீடாகப் போய் எடுக்கும் ஆய்வு தேறுவதும் கோட்டைவிடுவதும் இந்த ஒத்தாசையைப் பிடிக்கிற இடத்தில்தான்.

தொண்டு நிறுவனத்திலோ கல்லூரியிலோ முதல்முறையாக இப்படி ஒரு ஆய்வு நடத்தப்போகிறவர்களுக்கு இந்தக் குறிப்பு. வீட்டுப் பட்டியல் எடுப்பது, மாதிரி குலுக்குவது, கைப்பேசியில் படிவம் ஏற்றுவது எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

எதை எண்ணப்போகிறீர்கள்?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 5–14 வயதில் வேலை செய்தவர்கள் எத்தனை பேர் என்று தேடிப் பாருங்கள். ஒரு இடத்தில் 43.53 லட்சம் என்று இருக்கும், இன்னொரு இடத்தில் 1.01 கோடி என்று இருக்கும். இரண்டும் சரி. முதலாவது, ஆண்டில் ஆறு மாதமோ அதற்கு மேலோ வேலை செய்த முதன்மைத் தொழிலாளர் மட்டும். இரண்டாவதில் குறுகிய காலம் வேலை செய்தவர்களும் சேர்ந்திருக்கிறார்கள். இலங்கையின் 2016 சிறுவர் ஆய்விலும் இதே கதைதான்: 5–17 வயதில் ஏதாவது வேலை செய்தவர்கள் 1,03,704 பேர், அவர்களில் 'சிறுவர் தொழிலாளர்' என்ற வரையறைக்குள் வந்தவர்கள் 43,714 பேர். கோட்டை எங்கே போடுகிறோம் என்பதைப் பொறுத்து எண் பாதியாகும், இரட்டிப்பாகும்.

தொழிலாளர் புள்ளியியலாளர்களின் பன்னாட்டு மாநாடு 2008இல் இதற்கென ஒரு தீர்மானம் போட்டு, 2018இல் திருத்தியது. யூனிசெஃப் பல நாடுகளில் வீடுவீடாக எடுக்கும் 'மிக்ஸ்' ஆய்வும், ஐ.நா.வின் நீடித்த வளர்ச்சி இலக்குகளில் குழந்தைத் தொழிலாளர் விகிதத்தைச் சொல்லும் 8.7.1 குறியீடும் அந்த அடிப்படையில்தான் நடக்கின்றன. வார வரம்புகள் இவை:

5–11 வயது: பொருளாதார வேலை (வயல், கடை, கூலி போன்றவை) 1 மணி நேரமோ அதற்கு மேலோ.
12–14 வயது: 14 மணி நேரமோ அதற்கு மேலோ.
15–17 வயது: 43 மணி நேரமோ அதற்கு மேலோ.
வீட்டு வேலை (சமையல், துவைத்தல், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது): 5–14 வயதுக்கு 21 மணி நேரமோ அதற்கு மேலோ.

வீட்டு வேலை வரம்பு முன்பு 28 ஆக இருந்தது. பழைய அறிக்கையோடு புதியதை ஒப்பிடும்போது இதைக் கவனிக்காவிட்டால், ஒன்றுமே மாறாத ஊரில் நிலைமை மோசமானதுபோலத் தெரியும்.

சட்டத்தை இதற்குள் கலக்காதீர்கள். இந்தியச் சட்டத்தின் 2016 திருத்தப்படி 14 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளை, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக உதவி செய்யலாம். பத்து வயதுப் பிள்ளை வாரம் ஐந்து மணி நேரம் குடும்ப மளிகைக்கடையில் நின்றால், புள்ளிவிவர வரையறைப்படி குழந்தைத் தொழிலாளர்; சட்டப்படி அங்கே குற்றம் இல்லை. இரண்டையும் தனித்தனிப் பத்தியாகக் கணக்கிட்டு வைத்துக்கொள்ளுங்கள். 'சட்டத்தை மீறியவர்கள் இத்தனை பேர்' என்று முதல் எண்ணைச் செய்தியாளரிடம் கொடுத்துவிட்டால் திரும்ப வாங்க முடியாது.

எத்தனை வீடு?

எதிர்பார்க்கும் விகிதம் 8%, பிழை வரம்பு கூடக்குறைய 2%, நம்பிக்கை அளவு 95% (அதற்கான எண் 1.96) என்று வைப்போம். 1.96 × 1.96 × 0.08 × 0.92 ÷ 0.0004 = 707. கொத்து கொத்தாக, அதாவது பக்கத்துப் பக்கத்து வீடுகளாக எடுப்பதால் பதில்கள் ஒன்றுபோல இருக்கும்; அதை ஈடுகட்டப் பெருக்கும் எண்ணான வடிவமைப்பு விளைவு 2; ஆக 1,414 பிள்ளைகள். பத்தில் ஒருவர் கிடைக்கமாட்டார் என்றால் 1,571. பாதி வீடுகளில்தான் 5–17 வயதில் பிள்ளை இருக்கும், வீட்டுக்கு ஒரு பிள்ளையைத்தான் கேட்கப்போகிறோம் என்றால் சுமார் 3,140 வீடுகளைத் தட்டவேண்டும். கொத்துக்கு 20 வீடு வீதம் 157 கொத்து. கையில் 300 வீட்டுக்குத்தான் பணம் இருக்கிறதென்றால் சதவீதம் சொல்லும் ஆசையை விடுங்கள். ஒரு தொழிலை, ஒரு வட்டாரத்தை எடுத்து ஆழமாகப் பாருங்கள்.

கேள்வி கேட்கும் விதம்

'வேலை', 'தொழிலாளர்', 'கூலி' என்ற சொற்களோடு தொடங்காதீர்கள். செயலைக் கேளுங்கள், வகைப்படுத்துவதை மேசைக்கு விட்டுவிடுங்கள். மிக்ஸ் படிவத்தின் நான்கு கேள்விகளை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: (1) சொந்த நிலத்திலோ தோட்டத்திலோ வேலை, ஆடுமாடு பார்ப்பது; (2) காசு வாங்கினாலும் வாங்காவிட்டாலும் குடும்பத்தின் அல்லது உறவினரின் தொழிலில் உதவி; (3) ஏதாவது பொருள் செய்வது அல்லது விற்பது; (4) இவை தவிர, பணத்துக்கோ பொருளுக்கோ ஒரு மணி நேரமாவது செய்த வேறு வேலை.

ஒவ்வொரு கேள்விக்கும் அந்த ஊர் உதாரணங்களைச் சேருங்கள். கடலோரத்தில் வலைச் சிக்கு எடுப்பதும் கருவாடு புரட்டிப் போடுவதும். தென்காசிப் பக்கம் பீடி. சிவகாசி வட்டாரத்தில் தீப்பெட்டி ஒட்டுவது. எங்கும் பூக் கட்டுவது, கடலை உரிப்பது. "போன வாரம் உங்க பையன் பீடிக்கு நூல் கட்டினானா, இலை வெட்டினானாக்கா?" என்று கேட்டால் தயங்காமல் பதில் வரும். இது வெறும் ஊகமும் அல்ல. தான்சானியாவில் ஒரே மக்களிடம் சுருக்கப் படிவத்தையும் விரிவான படிவத்தையும் குலுக்கிப் பிரித்துக் கொடுத்துப் பார்த்தார்கள். சுருக்கப் படிவத்தில் தவறிப்போனவை பெரும்பாலும் கொஞ்ச நேர வேலைகள்தான். 5–11 வயதுக்கு வரம்பே ஒரு மணி நேரம் என்பதை மறக்காதீர்கள்.

தண்ணீர் எடுப்பதும் விறகு பொறுக்குவதும் தேசியக் கணக்கு முறைப்படி பொருள் உற்பத்திக்குள் வரும். வீட்டாரோ அவற்றை வீட்டு வேலை என்பார்கள். இரண்டுக்கும் நேரத்தைத் தனியாக வாங்குங்கள். பிறகு எந்தப் பக்கம் வேண்டுமானாலும் கூட்டிக்கொள்ளலாம். சேர்த்து வாங்கிவிட்டால் பிரிக்க வழியே இல்லை.

மணி நேரம்: இங்கேதான் எல்லாரும் சறுக்குகிறார்கள்

"தினமும் எவ்வளவு நேரம் செய்வா?" என்ற கேள்விக்கு அம்மா பள்ளி நாளை மனதில் வைத்துத்தான் பதில் சொல்வார். "ஒன்றரை மணி நேரம்." ஏழால் பெருக்கினால் 10.5. பதின்மூன்று வயதுப் பெண் வரம்புக்கு வெளியே போய்விட்டாள்.

அதையே பிரித்துக் கேளுங்கள். பள்ளி இருந்த நாள் எத்தனை, அன்று எவ்வளவு நேரம்? லீவு நாள் எத்தனை, அன்று எவ்வளவு நேரம்? 5 × 1.5 = 7.5. சனி, ஞாயிறு 2 × 3.5 = 7. மொத்தம் 14.5. அதே பிள்ளை, அதே வாரம், இப்போது வரம்புக்குள். இந்த இரண்டு கூடுதல் கேள்விகளுக்காகப் படிவம் நீளுவதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். வேறு எதையாவது வெட்டுங்கள்.

'போன வாரம்' என்றால் நேற்றோடு முடிந்த ஏழு நாள் என்று களப்பணியாளருக்கு எழுதிக் கொடுங்கள். இல்லாவிட்டால் ஒருவர் ஞாயிறு முதல் சனி என்பார், இன்னொருவர் இன்றையும் சேர்ப்பார். பொங்கல் வாரமும் அரையாண்டுத் தேர்வு வாரமும் வேண்டாம். அறுவடையோ தீபாவளிக்கு முந்தைய பட்டாசு மும்முரமோ உங்கள் பொருள் என்றால், பன்னிரண்டு மாதத்தில் எந்தெந்த மாதம் செய்தான் என்ற ஒரு வரிசையையும் சேருங்கள். ஆனால் மணி வரம்பை ஏழு நாள் பதிலுக்கு மட்டும் பொருத்துங்கள்.

நிமிடத்தை மணியாக்கும் வேலையைப் படிவத்துக்கு விடுங்கள். களத்தில் 'ஒன்றரை'யை 1.3 என்று எழுதுபவர்கள் உண்டு.

வயது

11க்கும் 12க்கும் நடுவில் ஒரு மணி நேர வரம்பு பதினான்காகத் தாவுகிறது. வயதில் ஒரு வருடம் பிசகினால் முடிவே மாறும். பிறந்த தேதியைக் கேளுங்கள். சான்றிதழ் இல்லை என்றால் வகுப்பை மட்டும் நம்பாதீர்கள்; ஒரு வருடம் தள்ளிச் சேர்த்த பிள்ளைகள் நிறைய. ஊர் நாட்காட்டி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்: தானே புயல் (2011 டிசம்பர்), சென்னை வெள்ளம் (2015 டிசம்பர்), நோட்டு செல்லாமல் போனது (2016 நவம்பர்), கஜா (2018 நவம்பர்), முதல் ஊரடங்கு (2020 மார்ச்). "நோட்டு மாத்தினப்ப கைக்குழந்தையா, நடந்துட்டானா?" என்பது போதும்.

யாரிடம் கேட்பது?

மிக்ஸ் ஆய்வில் தாயிடமோ வளர்ப்பவரிடமோதான் கேட்கிறார்கள். மேலே சொன்ன தான்சானியச் சோதனையில் பிள்ளையின் பதிலுக்கும் பெரியவர் பதிலுக்கும் பெரிய வித்தியாசம் தென்படவில்லை. எத்தியோப்பியாவின் காபி விவசாயக் குடும்பங்களில் செய்த சோதனையிலோ பையன்கள் விஷயத்தில் பதில்கள் ஒத்துப்போயின, பெண்பிள்ளைகள் விஷயத்தில் நன்றாகவே விலகின. ஆகவே பெண்பிள்ளைகளின் வேலைதான் உங்கள் அக்கறை என்றால், ஒரு பகுதி வீடுகளிலாவது பிள்ளையிடமும் கேட்டு ஒப்பிடுங்கள். பெற்றோரின் அனுமதியும் பிள்ளையின் சம்மதமும் இரண்டுமே வேண்டும். பெற்றோர் கண்ணுக்குத் தெரியும்படி, காதுக்கு எட்டாத தூரத்தில் உட்காருங்கள். படம் எடுக்காதீர்கள். அடி, கொத்தடிமை என்று ஏதாவது தெரியவந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு யார், எப்போது தகவல் சொல்வது என்பதைக் களத்துக்குப் போகுமுன்பே முடிவு செய்துவிடுங்கள்.

வீட்டுக்கு ஒரு பிள்ளையைப் படிவமே குலுக்கித் தேர்ந்தெடுக்கட்டும். களப்பணியாளரிடம் விட்டால் வாசலில் விளையாடுகிற பிள்ளைதான் மாட்டும். கடைக்குப் போன பிள்ளை தப்பிவிடும். கைப்பேசிப் படிவ மென்பொருளான கோபோவில் 'ரேண்டம்' செயல்கூற்றை 'ஒன்ஸ்' என்பதற்குள் போடாவிட்டால், படிவத்தைத் திறக்கும்போதெல்லாம் வேறு பிள்ளை வரும். சிறிய ஆய்வுக்குக் கோபோ போதும். ஐம்பது கொத்துக்கு மேல் போனால் உலக வங்கியின் 'சர்வே சொல்யூஷன்ஸ்' நல்லது: மேற்பார்வையாளர் படிவத்தைத் திருப்பி அனுப்பும் வசதி அதில் ஒழுங்காக இருக்கிறது. எக்செல்லில் மதிப்பீடு போடவே வேண்டாம். எடையையும் (கேட்ட ஒரு வீடு கேட்காத எத்தனை வீடுகளுக்கும் சேர்த்துப் பேசுகிறது என்ற எண்) கொத்தையும் அது மதிக்காது.

கணினியில்

'தெரியாது' என்ற பதிலுக்கு 99 கொடுத்திருப்பீர்கள். அதை முதலில் வெற்றாக மாற்றுங்கள். இல்லாவிட்டால் வாரம் 99 மணி நேரம் உழைக்கும் ஐந்து வயதுப் பிள்ளைகள் முளைப்பார்கள். மாற்றிய பிறகும் ஒரு குழி இருக்கிறது. ஸ்டேட்டா என்ற புள்ளியியல் மென்பொருளில் வெற்று மதிப்பு எல்லா எண்ணையும்விடப் பெரியது. '14க்குச் சமம் அல்லது மேல்' என்று மட்டும் எழுதினால் பதில் தெரியாதவர்கள் எல்லாரும் தொழிலாளர் ஆகிவிடுவார்கள். 'வெற்றாக இல்லாமல்' என்ற நிபந்தனையையும் சேருங்கள். ஆர் என்ற நிரல்மொழியில் ஆபத்து எதிர்த்திசையில்: வெற்றை ஒதுக்கிவிட்டுக் கூட்டச் சொன்னால் தெரியாத நேரம் பூஜ்ஜியமாகிவிடும்.

நான்கு செயல்களின் நேரத்தையும் கூட்டிய பிறகு வரம்பைப் பொருத்துங்கள், தனித்தனியாக அல்ல. கடையில் 8, வயலில் 7 என்றால் 15. சரியாக 14 மணி நேரம் என்றால் அதுவும் உள்ளே. 'மேல்' என்று மட்டும் எழுதி அதை விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. முழு எண்ணில் பதில் சொல்லும் மக்களிடம் 14இல் நிறையப் பேர் குவிவார்கள் என்பதால் இழப்பு சின்னதாக இருக்காது.

வரம்பைத் தாண்டிய பொருளாதார வேலை, வரம்பைத் தாண்டிய வீட்டு வேலை: இரண்டில் ஏதாவது ஒன்று இருந்தால் 1. இரண்டும் இருந்தாலும் 1தான். பாரம் தூக்குவது, புகை, ரசாயனம், உயரம் போன்ற ஆபத்துக் கேள்விகளைக் கேட்டிருப்பீர்கள். அவற்றைத் தனி அட்டவணையாகக் கொடுங்கள். 8.7.1க்கான மிக்ஸ் கணக்கில் அவை சேர்வதில்லை.

கடைசியாக எடை. வீட்டுக்கு ஒரு பிள்ளையைத்தான் கேட்டீர்கள், எனவே வீட்டின் எடையை அந்த வீட்டிலுள்ள 5–17 வயதுப் பிள்ளைகளின் எண்ணிக்கையால் பெருக்கவேண்டும். வீட்டு எடை 400, மூன்று பிள்ளைகள் என்றால் 1,200. இதை மறந்தால் பிள்ளைகள் அதிகமுள்ள வீடுகள் கணக்கில் சுருங்கிவிடும். வேலை செய்யும் பிள்ளைகள் அந்த வீடுகளில் அதிகம் என்றால் உங்கள் விகிதமும் கூடவே இறங்கும்.

பிற்சேர்க்கை: அடிக்கடி வரும் இரண்டு கேள்விகள்

பி.எல்.எஃப்.எஸ். (இந்திய அரசு எடுக்கும் காலமுறைத் தொழிலாளர் ஆய்வு) தரவை வைத்தே செய்யக்கூடாதா? செய்யலாம், எச்சரிக்கையாக. அதில் 'வழக்கமான முதன்மை நிலை' ஆண்டில் அதிக காலம் எதில் போனது என்பதைப் பார்க்கிறது. பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு 'படிக்கிறார்' என்ற குறியீடு 91 விழுந்துவிடும். குடும்பத் தொழிலில் உதவியாளர் என்ற குறியீடு 21, துணை நிலையில் (படிப்புக்கு நடுவே செய்த வேலையாக) 30 நாளாவது இருந்தால்தான் தென்படும். போன ஏழு நாளைப் பார்க்கும் வார நிலையைப் பயன்படுத்தினால் கொஞ்சம் மேல். நேரப் பயன்பாட்டு ஆய்வு (2019இல் நடந்தது) ஆறு வயதிலிருந்து எல்லாரையும் அரை மணி நேரக் கட்டங்களில் பதிகிறது. ஆனால் அது ஒரே ஒரு நாளின் கதை. வார வரம்பை அதில் நேரடியாகப் பொருத்த முடியாது.

செங்கல் சூளையில் தங்கியிருப்பவர்கள், மில் விடுதியில் இருக்கும் பெண்கள், தெருவில் வாழும் பிள்ளைகள்? வீட்டுப் பட்டியலில் அவர்கள் இல்லை. எந்த எடையும் அவர்களைக் கொண்டுவராது. அறிக்கையின் முதல் பக்கத்திலேயே அதைச் சொல்லிவிடுங்கள். வீட்டுக்குள்ளேயே தவறவிடும் இரண்டு வகையை மட்டும் பிடிக்கலாம். "உங்க பிள்ளைங்க யாராவது இப்ப வெளியூர்ல தங்கியிருக்காங்களா, அங்க என்ன பண்றாங்க?" என்று கேட்டால் அனுப்பிவைத்த பிள்ளை தெரியும். 'சொந்தக்காரப் பொண்ணு' என்று பட்டியலில் வரும் பிள்ளைக்கு உறவுமுறையை முழுசாகக் கேட்டு, பெற்றோர் எந்த ஊர், எத்தனை நாளாக இங்கே இருக்கிறாள் என்றும் கேட்டுப் பதியுங்கள். வீட்டு வேலைக்கு வைத்திருக்கும் பிள்ளைகள் ஒளிந்திருப்பது அந்த வரியில்தான்.