அமெரிக்க அரசமைப்பு வரலாறு படிக்கப் போகும் ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கப் பள்ளிகளில் வரலாறும் குடிமையியலும் நடத்தும் ஆசிரியர்கள் பலர், கோடை விடுமுறையில் அரசமைப்பு வரலாறு படிக்கிறார்கள். 1986இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ஏற்படுத்திய ஜேம்ஸ் மேடிசன் உதவித்தொகை இதற்கென்றே உள்ளது. புதிதாக வருகிறவர்கள் பழைய குழிகளிலேயே விழுகிறார்கள். தேதிக் குழப்பங்களை விட்டுவிடுவோம். அவை தேர்வுத்தாளோடு தீர்ந்துவிடும்.

மேடிசனின் குறிப்புகளைச் சுருக்கெழுத்துப் பதிவாக வாசிப்பது

1787 மே 25 முதல் செப்டம்பர் 17 வரை அரசமைப்பை வரைந்த பிலடெல்பியா மாநாடு கதவைச் சாத்திக்கொண்டு நடந்தது. உள்ளே என்ன பேசினார்கள் என்பதற்கு அதில் பிரதிநிதியாக இருந்த மேடிசன் எழுதிய குறிப்புகளே பெரிய சான்று. அதிலிருந்து ஒரு பத்தியை வெட்டி, "இன்னார் அன்று சொன்ன சொற்கள்" என்று மாணவர்களிடம் கொடுத்துவிடுகிறார்கள். இத்தனை படித்தவர்களும் இதைச் செய்வதுதான் எரிச்சல்.

ஜூன் 18 அன்று நியூயார்க் பிரதிநிதி ஹாமில்டன் பல மணி நேரம் பேசினார். மேடிசனிடம் அது சில பக்கங்கள். போதாததற்கு, மேடிசன் தன் குறிப்புகளைப் பிற்காலத்தில் திருத்திக்கொண்டே இருந்தார். 1819இல் அச்சான மாநாட்டுப் பதிவேடும், 1821இல் வெளிவந்த, இன்னொரு பிரதிநிதியான ராபர்ட் யேட்ஸின் குறிப்புகளும் அதற்கு உதவின. 1836இல் அவர் இறந்து, 1840இல்தான் குறிப்புகள் அச்சேறின.

இந்தப் பதிவுகளையெல்லாம் தொகுத்து மேக்ஸ் ஃபாரண்ட் 1911இல் கொண்டுவந்த மூன்று தொகுதிப் பதிப்பை எடுங்கள். நாள்வாரியாக முதலில் பதிவேடு, பிறகு மேடிசன், அதன்பின் யேட்ஸ், கிங் முதலியோர். மேடிசன் பின்னாளில் செய்த திருத்தங்கள் கோண அடைப்புக்குறிக்குள் இருக்கும். வகுப்புக்கு நகலெடுக்கும்போது அந்தக் குறிகளை அழிக்காதீர்கள்.

முழு மாநாட்டையும் ஒரே மூச்சில் படிக்க வேண்டாம். ஜூன் 18 ஒன்றே போதும். ஒரே உரையை நால்வர் எப்படிக் குறித்தார்கள் என்று நான்கு பத்திகளில் எழுதுங்கள்: எல்லாரிடமும் இருப்பது, ஒருவரிடம் மட்டும் இருப்பது, முரண்படுவது, பிறகு சேர்ந்தது. ஜூலை நடுப்பகுதியைத் தேர்ந்தெடுத்தால் மாட்டிக்கொள்வீர்கள். யேட்ஸ் ஜூலை 10க்குப் பிறகு மாநாட்டில் இல்லை.

ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளை மட்டும் படிப்பது

அந்த 85 கட்டுரைகளும் புதிய அரசமைப்புக்கு நியூயார்க்கின் ஒப்புதலைப் பெற ஹாமில்டன், மேடிசன், ஜான் ஜே மூவரும் எழுதிய பிரசாரம். கட்சிக்காரர் வாதத்தை நீதிபதியின் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளலாமா? எதிர்த்தரப்பில் 'புரூட்டஸ்' என்ற புனைபெயரில் வந்த 16 கட்டுரைகளைப் பக்கத்தில் வையுங்கள்.

செப்டம்பர் 17உடன் நிறுத்துவது

மாநிலங்கள் ஒப்புதலுக்கு வாக்களித்த கணக்கைப் பாருங்கள்: மாசசூசெட்ஸ் 187–168, வர்ஜீனியா 89–79, நியூயார்க் 30–27. சண்டையே அதன் பிறகுதான்.

ஐந்தில் மூன்று பங்கு

பிரதிநிதிகள் சபை இடங்களுக்காக மக்கள்தொகையை எண்ணும்போது ஐந்து அடிமைகளை மூவராகக் கணக்கிட்டார்கள். அடிமைகளை முழுதாக எண்ணச் சொன்னவர்கள் தென் மாநில அடிமை உடைமையாளர்கள். பிரதிநிதிகள் சபையில் கூடுதல் இடம் கிடைக்குமே! "ஐந்தில் மூன்று மனிதன்" என்று மட்டும் சொல்லிக் கடந்தால் இந்த அதிகாரக் கணக்கு மறைந்துவிடும்.

உரிமைகள் பட்டியல் (முதல் பத்துத் திருத்தங்கள்) 1791லேயே மாநிலங்களைக் கட்டுப்படுத்தியது என்பது

இல்லை. அது மத்திய அரசை மட்டுமே கட்டுப்படுத்தும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது பாரன் வழக்கில், 1833. அதைப் படித்துவிட்டு, மாநிலங்களையும் கட்டுப்படுத்த வழிவிட்ட 14ஆவது திருத்தத்துக்கு வாருங்கள்.